லேப்டாப்பில் கார் ஸ்கேன்: கேபிள் வாங்கும் முன் படிக்க வேண்டியது

என் டூல் பாக்ஸின் அடியில் மூன்று கேபிள்கள் கிடக்கின்றன. ஒன்று நீலம், ஒன்று கறுப்பு, இன்னொன்றின் முனையில் உள்ள உலோகப் பின் ஒன்று வளைந்துவிட்டது. மூன்றுக்கும் கொடுத்த பணத்தைச் சேர்த்திருந்தால் ஆரம்பத்திலேயே ஒரு நல்ல கேபிள் வந்திருக்கும். நான் வாங்கிய வரிசையே தப்பு. முதலில் கேபிளை வாங்கினேன். அப்புறம் அதற்கு எந்த மென்பொருள் ஓடும் என்று தேடினேன். கடைசியில்தான் அது என் வண்டியோடு பேசவே பேசாது என்று தெரிந்தது.

இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் வண்டி, அடுத்து வேலை, அப்புறம் மென்பொருள், கேபிள் கடைசியில். கீழே வருவதும் அதே வரிசைதான்.

போனிலேயே ஆப் இருக்கிறதே, லேப்டாப் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. செக் இன்ஜின் விளக்கு ஏன் எரிகிறது என்று பார்க்க மட்டும் என்றால் போன் போதும். நாலைந்து சென்சார் அளவுகளை ஒரே திரையில் கோடுகளாக ஓடவிட்டுப் பார்ப்பது, ஒரு மணி நேர ஓட்டத்தைப் பதிவு செய்து சாவகாசமாக அலசுவது, ஏர்பேக், ஏபிஎஸ், கதவு, ஏசி என்று ஒவ்வொன்றையும் ஆளும் சிறு கணினிக்குள்ளும் (மாட்யூல்) போவது, எதையாவது மாற்றும் முன் பழையதைச் சேமித்து வைப்பது, இதற்கெல்லாம் லேப்டாப்தான் வசதி. வண்டி நிறுவனங்களே தங்கள் சர்வீஸ் சென்டர்களுக்குத் தரும் மென்பொருள்களில் பெரும்பாலானவை விண்டோஸில்தான் ஓடுகின்றன.

முதல் படி: உங்கள் வண்டி எந்தக் காலத்தது?

அம்பாசிடரோ பிரீமியர் பத்மினியோ வைத்திருக்கிறீர்களா? இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். கார்புரேட்டர் வண்டியில் செருக இடமே இல்லை. ஸ்க்ரூ டிரைவரும் காதும்தான் ஸ்கேனர்.

இன்ஜெக்‌ஷன் வந்த பிறகுதான் கணினிக்கு வேலை. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் ஓபிடி 2 என்ற, கோளாறைப் படிக்கும் பொது முறையும் அதற்கான 16 பின் போர்ட்டும் கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001, டீசல் கார்களுக்கு அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. இந்தியாவில் பிஎஸ் 4 கார்களுக்கு 2010 ஏப்ரலில் ஓபிடி 1, 2013 ஏப்ரலில் ஓபிடி 2 வந்தது. ஆகவே 2013க்குப் பிந்தைய பிஎஸ் 4 கார் என்றால் பொதுவான ஸ்கேனர் எதுவும் இன்ஜினோடு பேசிவிடும் என்று தைரியமாக நம்பலாம்.

தலைவலி 2000க்கும் 2013க்கும் நடுவில் வந்த வண்டிகளில்தான். ஐரோப்பிய வடிவமைப்பை அப்படியே கொண்டுவந்த கார்களில் அன்றே முழு ஓபிடி 2 இருந்தது. வேறு சிலவற்றில் ஸ்டீயரிங்குக்குக் கீழே அதே 16 பின் போர்ட் இருக்கும், ஆனால் உள்ளே பேசுவது நிறுவனத்தின் சொந்த மொழி. பொது ஸ்கேனரைச் செருகினால் ‘இணைக்க முடியவில்லை’ என்று வரும். போர்ட்டின் வடிவத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. இன்னும் பழைய பிஎம்டபிள்யூ என்றால் பானெட்டுக்குள் உருண்டையான 20 பின் சாக்கெட், பழைய பென்ஸ் என்றால் 38 பின். அவற்றுக்கு 16 பின்னுக்கு மாற்றிக் கொடுக்கும் அடாப்டர் கிடைக்கிறது.

போர்ட்டே இல்லாத ஆரம்பகால இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ஒரு பழைய வழி உண்டு. சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன இரண்டு டெர்மினல்களை ஒரு சிறு வயரால் இணைத்துச் சாவியை ஆன் செய்தால் செக் இன்ஜின் விளக்கு மினுக்கிக் காட்டும். ஒரு மினுக்கு, சின்ன இடைவெளி, இரண்டு மினுக்கு என்றால் 12. பழைய சுசூகிகளில் 12 என்றால் கோளாறு ஏதும் இல்லை என்று அர்த்தம். காசு செலவில்லை, லேப்டாப்பும் வேண்டாம். ஆனால் எந்த இரண்டு டெர்மினல் என்று உறுதியாகத் தெரியாமல் இணைத்துப் பார்க்காதீர்கள்.

டார்ச்சும் மல்டிமீட்டரும்

கேபிள் வாங்குவதற்கு முன் இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யுங்கள். டிரைவர் சீட் பக்கம் குனிந்து போர்ட்டுக்குள் டார்ச் அடியுங்கள். 16 ஓட்டைகளிலும் உலோகம் இருக்காது. எவற்றில் இருக்கிறதோ அவைதான் வண்டி பேசும் மொழியைச் சொல்கின்றன.

மேல் வரிசையில் இடமிருந்து 1 முதல் 8, கீழ் வரிசையில் 9 முதல் 16. 6, 14 இரண்டிலும் உலோகம் இருந்தால் கேன் பஸ்; பெரும்பாலான புது வண்டிகள் இப்படித்தான். 7 இருந்தால் கே லைன். 2000களின் ஐரோப்பிய, ஆசிய வண்டிகளில் சகஜம். 2, 10 இருந்தால் ஜே1850. பழைய ஃபோர்டுகளில் பார்க்கலாம். வேகத்தில் இவற்றுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கே லைன் நொடிக்கு 10,400 பிட், கேன் பஸ் பொதுவாக 5 லட்சம் பிட். சில கே லைன் வண்டிகளில் முதல் வணக்கத்தை நொடிக்கு 5 பிட் வேகத்தில் சொல்ல வேண்டும். அந்த ஒற்றை பைட் போய்ச் சேரவே 2 நொடி ஆகும். திரையில் ஒன்றும் நடக்கவில்லையே என்று அதற்குள் கேபிளைப் பிடுங்கியவர்களில் நானும் ஒருவன்.

அடுத்து மல்டிமீட்டர். 4வது பின் எர்த், 16வது பின் பேட்டரியிலிருந்து நேராக வரும் 12 வோல்ட். சாவி போடாமலேயே அங்கே வோல்டேஜ் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் ஃபியூஸ் போயிருக்கும். பல வண்டிகளில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் இந்தப் போர்ட்டுக்கும் ஒரே ஃபியூஸ். மலிவான போன் சார்ஜர் செருகி அந்த ஃபியூஸ் போனது யாருக்கும் தெரியாமல் இருக்கும்; ஸ்கேனர் வேலை செய்யவில்லை என்று கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

கேன் பஸ் வண்டி என்றால், பேட்டரியைக் கழற்றிவிட்டு 6க்கும் 14க்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். இரு முனையிலும் 120 ஓம் இருப்பதால் மொத்தம் 60 ஓம் அளவில் வர வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்க வாய்ப்பு உண்டு. போர்ட்டுக்கும் மாட்யூல்களுக்கும் நடுவே கேட்வே என்ற காவல் பெட்டி வைத்த புது வண்டிகளில் மட்டும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

இரண்டாம் படி: என்ன வேலை ஆக வேண்டும்?

ஸ்கேனிங் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் பல படிக்கட்டுகள். முதல் படிக்கட்டு, இன்ஜின் கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) படிப்பதும் அழிப்பதும். பி0 (P0) என்று தொடங்கும் கோடுகள் எல்லா நிறுவனத்துக்கும் பொது. பி0300 மிஸ்ஸிங், பி0171 கலவையில் பெட்ரோல் குறைவு, பி0420 கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். பி1 என்று தொடங்குபவை பெரும்பாலும் நிறுவனத்தின் சொந்தக் கோடு. சி என்றால் பிரேக், ஸ்டீயரிங் சமாச்சாரம். பி என்ற ஆங்கில இரண்டாம் எழுத்தில் தொடங்கினால் ஏர்பேக், கதவு போன்றவை. யூ என்றால் மாட்யூல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில் சிக்கல்.

இரண்டாவது, எல்லா மாட்யூல்களையும் படிப்பது. ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் பொது ஸ்கேனர் கைவிரித்துவிடும். அந்த நிறுவனத்துக்கான மென்பொருள் வேண்டும். மூன்றாவது, வேலை வாங்குவது: ரேடியேட்டர் ஃபேனை ஓடவிட்டுப் பார்ப்பது, ஏபிஎஸ் யூனிட்டிலிருந்து காற்று எடுப்பது, பிஎஸ் 6 டீசலில் டிபிஎஃப் என்ற புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்வது. நான்காவது, பதிவது. காமன் ரெயில் டீசல்கள் பலவற்றில் இன்ஜெக்டர் மாற்றினால் அதன் தலையில் அச்சிட்ட எண்ணை இசியூ என்ற இன்ஜின் கணினியில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் வண்டி ஓடும், ஆனால் நடுங்கும், புகை தள்ளும். கடைசிப் படிக்கட்டு இசியூவின் மென்பொருளையே மாற்றுவது.

மேலே ஏற ஏற விலையும் கூடும், ஆபத்தும் கூடும். புதிதாக வருபவர் முதல் மூன்றோடு நின்றுகொள்வது நல்லது. நான்காவதைத் தேவை வரும்போது கற்றுக்கொள்ளலாம். ஐந்தாவதைச் சொந்த வண்டியில், அதுவும் மறுநாள் ஆபீஸ் போக வேண்டிய வண்டியில், முயற்சி செய்யவே வேண்டாம்.

மூன்றாம் படி: மென்பொருள்

இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். கேபிள் என்பது வெறும் தபால்காரர். வண்டியில் எத்தனை மாட்யூல் இருக்கிறது, எதைக் கேட்டால் என்ன பதில் வரும் என்ற அறிவு முழுக்க மென்பொருளில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஈகோஸ்போர்ட் இருப்பதால் ஃபோர்டிலிருந்தே தொடங்குகிறேன். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. அடுத்த ஆண்டு மறைமலை நகர் ஆலையும் மூடப்பட்டது. சர்வீஸும் உதிரிப் பாகங்களும் தொடர்ந்தாலும், ஊருக்கு ஊர் இருந்த ஷோரூம்கள் போய்விட்டன. ஃபிகோ, ஆஸ்பையர், ஈகோஸ்போர்ட், எண்டவர் வைத்திருப்பவர்கள் பலர் லேப்டாப்பைத் தூக்கியதற்கு அதுதான் காரணம். அவர்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் ஃபோர்ஸ்கேன். இது வெளியார் எழுதிய மென்பொருள். ஃபோர்டு, மஸ்தா வண்டிகளுக்கென்றே உருவானது. விண்டோஸ் பதிப்பில் அடிப்படை வேலைகள் இலவசம். மாட்யூல்களின் அமைப்பை மாற்றுவதற்குத் தனி உரிமம் எடுக்க வேண்டும். டிபிஎஃப் சுத்தம், பிரேக் காற்றெடுப்பு, பழைய ஈகோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக்கின் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸுக்கு மறுபயிற்சி என்று சர்வீஸ் சென்டருக்கு மட்டுமே சாத்தியம் என நினைத்த பல வேலைகள் இதில் இருக்கின்றன.

ஒரு நுணுக்கம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். ஃபோர்டுகளில் இரண்டு கேன் பஸ் உண்டு. இன்ஜின், பிரேக் போன்றவை 6, 14 பின்களில் ஓடும் வேகமான பஸ்ஸில். ஆடியோ, ஏசி போன்ற சில்லறைகள் பல 3, 11 பின்களில் ஓடும் நடுத்தர வேக பஸ்ஸில். சாதாரணக் கேபிள் முதல் பஸ்ஸை மட்டும்தான் பார்க்கும். ஆகவே ஃபோர்ஸ்கேனுக்கு வாங்கும்போது சுவிட்ச் வைத்த கேபிளோ, தானே மாறிக்கொள்ளும் ஓபிடிலிங்க் இஎக்ஸ் போன்றதோ வேண்டும். மென்பொருளை முதலில் தேர்ந்தெடுக்கச் சொன்னது இதற்காகத்தான். இந்த விவரம் தெரியாமல் வாங்கியதுதான் என் நீலக் கேபிள்.

போலோ, வென்டோ, பழைய ஆக்டேவியா, ஆடி வைத்திருப்பவர்களுக்கு ராஸ்டெக் நிறுவனத்தின் விசிடிஎஸ். இதில் மென்பொருளும் கேபிளும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை, கேபிள்தான் உரிமம். குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளுக்கு மட்டும் வேலை செய்யும் மலிவு வகையும் உண்டு. வீட்டு உபயோகத்துக்கு அது தாராளம். 2006க்கு முந்தைய வண்டி என்றால் கே லைனுக்கான சாதாரண கேகேஎல் கேபிளில் ஓடும் விசிடிஎஸ் லைட் பெரும்பாலும் போதும். சந்தையில் விற்கும் விசிடிஎஸ் கேபிள்களில் போலிகள் ஏராளம். புது மென்பொருளோடு சேர்த்தால் அவை செத்துப்போவது சகஜம் என்பதால் ‘அப்டேட் செய்யாதீர்கள்’ என்ற எச்சரிக்கையோடுதான் விற்பார்கள். அப்படி ஒரு எச்சரிக்கையைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள்.

ஃபியட் புன்டோ, லீனியா ரசிகர்களுக்கு மல்டிஇசியூஸ்கேன். ஃபியட்டில் ஏபிஎஸ்ஸும் பவர் ஸ்டீயரிங்கும் வேறு வேறு பின்களில் பேசும் என்பதால் வண்ண வண்ண அடாப்டர்கள் வாங்க வேண்டிவரும். எந்த மாட்யூலுக்கு எந்த வண்ணம் என்று மென்பொருளே திரையில் சொல்லிவிடும்.

டொயோட்டாவுக்கு நிறுவனத்தின் சொந்த டெக்ஸ்ட்ரீம். பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, பழைய வண்டிகளுக்குக் கே+டிகேன் கேபிள், எஃப் வரிசையிலிருந்து நெட்வொர்க் கேபிள்.

மாருதி, ஹூண்டாய், டாடா, மஹிந்திரா? நாட்டில் அதிகம் ஓடும் வண்டிகள் இவைதான். ஆனால் ஃபோர்ஸ்கேன் மாதிரி வீட்டிலிருந்தே பயன்படுத்த ஒன்றும் இவற்றுக்கு வாய்க்கவில்லை. இன்ஜின் கோடுகளுக்கும் சென்சார் அளவுகளுக்கும் பொது மென்பொருளை லேப்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஏர்பேக், ஏபிஎஸ் என்று வந்தால் பல நிறுவன வண்டிகளையும் படிக்கும் டேப்லெட் ஸ்கேனர் வைத்திருக்கும் ஷெட்டுக்குப் போய்விடுங்கள். அந்தக் கருவியை ஒரே வண்டிக்காக வீட்டில் வாங்குவது, தோசைக்கு மாவரைக்க ரைஸ் மில் வைப்பது போல.

நிறுவனங்களின் கருவிகள் வெளியார் கைக்கு வராத பிரச்சினை நீதி விசாரணை வரை போயிருக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்து, உதிரிப் பாகங்களும் சோதனைக் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. விவகாரம் மேல்முறையீடுகளுக்குப் போனது. உங்கள் பகுதி ஷெட்டில் போய்க் கேளுங்கள், நிலைமை எவ்வளவு மாறியிருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள்.

நான்காம் படி: கேபிள்

மென்பொருள் முடிவானதும் அதன் பக்கத்திலேயே எந்தெந்த கேபிள்கள் ஒத்துவரும் என்று போட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலுக்கு வெளியே போகாதீர்கள். அதற்குள்ளும் சில வகைகளைப் புரிந்துகொள்வது நல்லது.

சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவை ஈஎல்எம்327 வகை. கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய சிப் அது. முதல் பதிப்பில் நகலெடுப்பதைத் தடுக்க எந்தப் பூட்டும் போடவில்லை; உலகமே நகலெடுத்துக்கொண்டது. அசல் நிறுவனம் 2022இல் கடையை மூடிவிட்டது. நகல்கள் இன்னமும் வந்துகொண்டிருக்கின்றன. பெட்டியின் மேல் பெருமையாக ‘பதிப்பு 1.5’ என்று அச்சிட்டிருப்பார்கள். எல்ம் எலக்ட்ரானிக்ஸ் 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. ஆனாலும் வேடிக்கை என்னவென்றால், 1.5 என்று சொல்லும் நகல்களில் பல சுமாராக வேலை செய்யும், ‘2.1’ என்று சொல்பவற்றில் பல, கே லைனும் ஜே1850உம் தெரியாமல் முழிக்கும்.

வாங்கிவிட்டீர்கள், அசலா என்று பார்க்க ஆசை. யூஎஸ்பியில் செருகி, ஏதாவது ஒரு டெர்மினல் மென்பொருளைத் திறந்து, ஏ-டி-ஐ (ATI) என்று தட்டுங்கள். பதிப்பு எண் வரும். ஏ-டி-ஆர்-வி (ATRV) என்று தட்டினால் போர்ட்டில் உள்ள வோல்டேஜைச் சொல்லும். மல்டிமீட்டரில் 12.4 காட்டும்போது கேபிள் 11.6 என்று சொன்னால் அதன் தரம் பற்றி ஒரு சேதி கிடைத்துவிட்டது. ஏ-டி-பி-பி-எஸ் (ATPPS) என்று தட்டும்போது வரிசையாக எண்கள் வராமல் வெறும் கேள்விக்குறி வந்தால் அது அரைகுறை நகல். என் நீலக் கேபிள் இந்த மூன்றாவது சோதனையில் விழுந்தது. விற்றவரிடம் கேட்டேன், ‘சார், எல்லாருக்கும் இதுதான் போகுது’ என்றார். அதுவும் உண்மையாகத்தான் இருக்கும்.

இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் ஓபிடிலிங்க் வகைகள் வாங்கலாம். யூஎஸ்பிக்கு எஸ்எக்ஸ், ஃபோர்டுக்கு இஎக்ஸ். வேகமானவை, பாதியில் மயக்கம் போடாதவை. பொது மென்பொருள் ஒன்றும் கூடவே தருகிறார்கள்.

கேகேஎல் கேபிள் வேறு ஜாதி. அதற்குள் மூளை கிடையாது. வோல்டேஜை மட்டும் மாற்றிக் கொடுக்கும். நேரக் கணக்கையெல்லாம் லேப்டாப்பே பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் உள்ளே இருக்கும் யூஎஸ்பி சிப் முக்கியம். எஃப்டிடிஐ சிப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். அதிலும் போலி உண்டு. 2014இல் எஃப்டிடிஐ வெளியிட்ட விண்டோஸ் டிரைவர் ஒன்று போலிச் சிப்புகளைச் செயலிழக்கச் செய்தது. நேற்று வரை ஓடிய கேபிள்கள் ஓர் அப்டேட்டில் முடங்கின. அசல் சிப் என்றால் விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் அந்த போர்ட்டின் லேட்டன்சி டைமர் 16 மில்லி நொடி என்று இருக்கும். அதை 1 ஆக்கினால் ‘இணைப்பு விட்டுப்போனது’ புகார் பல வண்டிகளில் நின்றுவிடும்.

நிறுவன மென்பொருளுக்கு ஜே2534 என்ற பொதுத் தரத்தில் செய்த பாஸ் த்ரூ கருவிகள் உண்டு. இசியூவை மறுபதிவு செய்யும் அளவுக்கு வேலை இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

ப்ளூடூத்தா, வயரா என்றால், எப்போதும் வயர். படிப்பதற்கு ப்ளூடூத் பரவாயில்லை. எழுதும் வேலைக்கு நடுவில் இணைப்பு அறுந்தால் மாட்யூல் பாதி நினைவோடு நின்றுவிடும்.

லேப்டாப்பைப் பற்றி நாலு வரி

புதிது வேண்டாம். விண்டோஸ் 10 ஓடும் பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம், நல்ல பேட்டரி, பெரிய யூஎஸ்பி போர்ட் இரண்டு, வெயிலில் தெரியும் திரை. வங்கிக் கணக்கும் குடும்பப் படங்களும் உள்ள லேப்டாப்பை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். மலிவுக் கேபிளோடு வரும் சிடியில் உள்ள கிராக் மென்பொருள் ஆன்டி வைரஸை அணைக்கச் சொல்லும். நான் வாங்கிய கறுப்புக் கேபிளின் சிடியும் அப்படித்தான் கேட்டது. நானும் கேட்டபடி செய்தேன். மறுவாரம் லேப்டாப்பை முழுக்கத் துடைத்து விண்டோஸைத் திரும்ப ஏற்ற வேண்டி வந்தது.

முதல் முறை இணைக்கும்போது

கை பிரேக் போடுங்கள். சாவி ஆஃபில் இருக்கும்போது கேபிளைச் செருகி, லேப்டாப்போடு இணைத்து, அப்புறம் சாவியை ஆன் செய்யுங்கள். இன்ஜினை ஓடவிட வேண்டாம். மென்பொருளில் முழு ஸ்கேன் கொடுங்கள். வரும் பட்டியலைப் பார்த்துப் பதற வேண்டாம். பத்து வருட வண்டியில் பத்துக் கோடு இருப்பது சகஜம். என்றோ பேட்டரி இறங்கியபோது பதிவானவை பாதி இருக்கும்.

உடனே ‘அழி’ பொத்தானை அழுத்தாதீர்கள். கோடோடு சேர்ந்து ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பதிவு இருக்கிறது: கோளாறு நடந்த நொடியில் வேகம் என்ன, இன்ஜின் சூடு எவ்வளவு, லோடு எவ்வளவு என்று. அழித்தால் அதுவும் போய்விடும். இன்ஜின் தன்னைத்தானே செய்துகொண்ட சோதனைகளின் முடிவுகளும் போய்விடும். பழைய கார் வாங்கும்போது இந்தச் சோதனைகள் எல்லாம் ‘முடியவில்லை’ என்று காட்டினால், விற்பவர் சற்றுமுன் கோடுகளை அழித்துவிட்டார் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார் என்று சந்தேகப்படலாம்.

கோடுக்குப் பின்னால் எப்படிப் போவது என்பதற்கு ஓர் உதாரணம். நண்பர் ஒருவரின் பன்னிரண்டு வருடப் பெட்ரோல் செடான். ஐடிலில் நடுக்கம், கோடு பி0171. ஒரு கடையில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்லிவிட்டார்கள். வண்டியில் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் உண்டு. லேப்டாப்பில் நீண்டகால ஃப்யூல் டிரிம், குறுகியகால ஃப்யூல் டிரிம், ஆர்பிஎம் மூன்றையும் ஒன்றாக ஓடவிட்டோம். ஐடிலில் நீண்டகால டிரிம் +22 சதவீதம். அதாவது இசியூ தன் கணக்கை விட 22 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்தினோம். மொத்த டிரிம் +4க்கு இறங்கிவிட்டது.

எங்கள் பகுதி மெக்கானிக் அண்ணன் திரையைப் பார்த்துவிட்டு, ‘தம்பி, ஹோஸ் எல்லாம் தொட்டுப் பாத்தீங்களா?’ என்று கேட்டார். எம்ஏஎஃப்பைத் தாண்டிக் கள்ளக் காற்று நுழைந்தால் ஐடிலில்தான் அதன் பங்கு பெரிதாகத் தெரியும்; வேகம் கூடினால் மொத்தக் காற்றில் கரைந்துவிடும். வேகம் கூடக் கூட டிரிமும் கூடியிருந்தால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அல்லது எம்ஏஎஃப் சென்சாரே அழுக்கு என்று வேறு பக்கம் தேடியிருப்போம். இன்ஜினுக்குள் சேரும் ஆவியைத் திரும்ப உறிஞ்சும் பிசிவி ஹோஸின் அடிப்பக்கம் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. சில நூறு ரூபாய் ஹோஸ். சென்சார் வாங்கியிருந்தால் சில ஆயிரம் போயிருக்கும், நடுக்கமும் போயிருக்காது.

கை வைக்கக் கூடாத இடங்கள்

சாவி ஆனில், இன்ஜின் ஓடாமல் அரை மணி நேரம் படித்துக்கொண்டிருந்தால் பேட்டரி இறங்கும். எழுதும் வேலை என்றால் 13 வோல்ட்டுக்குக் குறையாமல் தாங்கும் பவர் சப்ளை இணைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சின்ன சார்ஜர் அதற்குத் தாங்காது.

ஏர்பேக் மாட்யூலில் கோடு படிப்பதோடு நில்லுங்கள். அந்த வயர்களில் மல்டிமீட்டர் வைப்பதும் வேண்டாம். ஓடோமீட்டரைக் குறைப்பது, திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரை எடுத்துவிடுவது, டிபிஎஃப்பை மென்பொருளில் மறைப்பது என்று விளம்பரம் செய்யும் கருவிகளைத் தவிர்த்துவிடுங்கள். சட்டச் சிக்கல் ஒரு பக்கம். அவற்றோடு வரும் மென்பொருள் உங்கள் லேப்டாப்பில் என்ன செய்யும் என்பது இன்னொரு பக்கம்.

புத்தம் புது வண்டிகள்

உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டியில் படிப்பதைத் தாண்டி எதுவும் செய்யாமல் இருப்பதே நல்லது. செய்ய நினைத்தாலும் பல வண்டிகள் விடாது. 2018 வாக்கில் ஃபியட் கிரைஸ்லர் குழுமம் தன் வண்டிகளில் செக்யூரிட்டி கேட்வே வைக்கத் தொடங்கியது. வெளியிலிருந்து படிக்கலாம், பதிவு செய்த கணக்கு இல்லாமல் கோடை அழிக்கக்கூட முடியாது. கோல்ஃப் 8 முதல் ஃபோக்ஸ்வாகன் எஸ்எஃப்டி என்ற பூட்டைக் கொண்டுவந்தது. கோடிங் செய்ய, அதாவது மாட்யூலின் அமைப்பை மாற்ற, நிறுவனத்தின் சர்வரிலிருந்து அனுமதி வேண்டும். விலையுயர்ந்த வண்டிகளில் கேன் பஸ்ஸுக்குப் பதில் டிஓஐபி என்று நெட்வொர்க் கேபிள் வழியே பேசும் முறை வந்துவிட்டது. அதே 16 பின் போர்ட்தான், ஆனால் ஈஎல்எம்327 வகைகளுக்கு அந்த மொழி தெரியாது. மின்சாரக் கார்களில் புகைக் கட்டுப்பாடே இல்லாததால் பொது ஓபிடி கேள்விகள் பலவற்றுக்குப் பதில் வராது. பேட்டரி செல் வோல்டேஜ் பார்க்க அந்தந்த மாடலுக்கான தனிப் பட்டியல் தேவை. ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடாதீர்கள்.

கடைசியாக, முழு ஸ்கேன் முடிந்ததும் செய்ய வேண்டிய ஒரு வேலை. அறிக்கையைச் சேமியுங்கள்; கோப்பின் பெயரில் தேதியும் ஓடோமீட்டர் எண்ணும் இருக்கட்டும். மாட்யூல்களின் அமைப்பைப் பேக்கப் எடுக்க மென்பொருள் இடம் கொடுத்தால் அதையும் எடுத்து, லேப்டாப்பில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு விளக்கு எரியும்போது, இது அன்றும் இருந்ததா, இன்று வந்ததா என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்கும்.